கொட்டிலுக்குப் போன கம்பி

அந்த ஆடியில் நல்லாம்பத்தில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் கொள்ளாமல் வந்து, உழுது பரம்படித்த வயல்களெல்லாம் சேறு கலங்கிக் கிடந்தன. நடவுக்குத்தான் ஆள் இறங்கவில்லை. கூலி கூட்டிக் கேட்ட சேரி ஜனங்கள் மிராசுதார் பஞ்சநதம் பிள்ளையின் நாற்றங்கால் வரப்பில் சிவப்புக் கொடியை ஊன்றிவிட்டு, தினமும் காலையில் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் போனார்கள். நாற்றின் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் பறித்து நட்டாலும் பிடிக்காது.

ஆட்சி மாறி ஒரு வருஷம் கழிந்திருந்தது. மெட்ராஸில் இருப்பது நம்ம கவர்மெண்டு என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டார்கள். மன்னார்குடி தாலுக்கா கச்சேரியில் பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே பஞ்சநதம் பிள்ளைக்கு எதிர் நாற்காலியில் கூலிக்காரர் சங்கத்துத் தங்கையன் உட்கார்ந்தான். தங்கையனின் அப்பன் பிள்ளையின் களத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவன். தங்கையன், "ஆண்டே" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "ஐயா சொல்ற கணக்கு தப்புங்க" என்றான். தாசில்தார் சிரித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பஞ்சநதம் இலையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, பிசைந்த கையோடு எழுந்து போய்விட்டார்.

அவர் மனைவி பிரகதாம்பாள் அந்த இலையை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக் கொட்டிலில் போட்டாள். கொட்டிலில் வேலை பார்ப்பவள் காத்தாயி, தங்கையன் பெண்டாட்டி. வயல் வேலைக்குத்தான் வேலைநிறுத்தம், வாயில்லாத ஜீவனுக்கு இல்லை என்று சங்கத்திலேயே சொல்லிவிட்டு அவள் மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தாள்.

"ஐயா சாப்புடலிங்களாம்மா?"

"பசியில்லையாம்."

காத்தாயி இலையைப் பார்த்தாள்.

பிரகதாம்பாளுக்கு ஒரே பெண். அவளைத் திருவாரூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. பகல் முழுக்கப் பெரிய வீட்டில் தனியாக இருப்பவளுக்குத் துணை, கூடத்தில் இருந்த பாட்டுப் பெட்டி. பினாங்கில் கடை வைத்திருந்த அவள் அண்ணன், கப்பலில் நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய ஸ்டீரியோ அது. இசைத்தட்டு சுற்ற ஒரு பெட்டி, இரண்டு பக்கமும் ஆள் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர்கள், நடுவில் பிரீ ஆம்ப் என்று அண்ணன் சொன்ன சின்னப் பெட்டி. ஊசியிலிருந்து வரும் பூஞ்சை ஒலியை முதலில் வாங்கிப் பெருக்கித் தருவது அதுதான். அதன் பின்பக்கச் சல்லடை வழியாகக் கண்ணாடிக் குழல் வால்வுகள் குங்குமப்பூ நிறத்தில் எரிவது தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் நாகஸ்வரத் தட்டு ஒன்றைப் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து உட்காருவாள். வாசிப்பவர் எதிரே உட்கார்ந்து மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்.

ஆடிக் காற்று தொடங்கிய நாளிலிருந்து அந்த ஒலி கெட்டுப்போயிற்று. தொண்டையில் உமி சிக்கின மாதிரி ஒரு கரகரப்பு. சில சமயம் வாணலியில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று வரும், பிறகு நின்றுவிடும். அவள் ஊசியை மாற்றிப் பார்த்தாள், தட்டுகளைத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மன்னார்குடியிலிருந்து அமிர்தலிங்கம் வந்தார். ரேடியோ ரிப்பேர் கடையும் மைக் செட் வாடகையும் வைத்திருந்தவர். கல்யாணத்துக்கும் அவர் செட்டுதான், ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கும் அவர் செட்டுதான், செங்கொடிக் கூட்டத்துக்கும் அவர் செட்டுதான். எல்லோருக்கும் வேண்டியவர். நிறையப் பேசுவார்.

"பினாங்கு சரக்கு. இந்த மாதிரி ஒண்ணு நம்ம தாலுக்காவுலயே கிடையாதும்மா. தொடவே கை கூசுது" என்றபடி திருப்புளியை எடுத்தார்.

முதலில் இடது பக்கக் கம்பியையும் வலது பக்கக் கம்பியையும் மாற்றிச் செருகினார். "கெடுதல் ஊசியில இருந்தா, இரைச்சல் இப்ப பக்கம் மாறணும்." மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கரகரத்தது. பிறகு பெட்டியின் மூடியைக் கழற்றி, பென்சில் முனையால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்றாவதைத் தட்டியபோது ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் 'டிங்' என்றது.

"ஆங்! ஆளு அகப்பட்டான்" என்றார். அதைப் பிடுங்கிவிட்டுத் தன் பெட்டியிலிருந்து வேறொன்றைச் செருகினார். தட்டு சுழன்றது. நாகஸ்வரம் சுத்தமாக வந்தது. பிரகதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அமிர்தலிங்கத்துக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டாள். அவர் மோர் விட்டுக்கொள்ளும்போது கூடத்தில் படபடவென்று கடுகு வெடித்தது.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, முகம் சிறுத்துப்போய் மறுபடி உட்கார்ந்தார். ஒலி வரும் கம்பியையே அடியோடு பிடுங்கிப் பார்த்தார். பாட்டு இல்லாமலே இரைச்சல் வந்தது. வால்யூமை முழுக்கக் குறைத்தார். அப்போதும் வந்தது. "கண்டென்சர் ஒழுகுதோ என்னமோ. கடைக்குக் கொண்டுபோனாத்தான் ஆகும்" என்றார்.

"காத்தடிக்கிறப்பதான் வருதுங்க" என்றாள் பிரகதாம்பாள்.

"காத்துக்கும் செட்டுக்கும் என்னம்மா?"

"எனக்குத் தெரியல. கொல்லை வேம்பு ஆடுதுல்ல, அப்ப வருது. ஓஞ்சா நின்னுடுது. இந்த நடு பல்பையும் பாருங்க."

அவர் பார்த்தார். பகலிலும் இருட்டாக இருக்கும் கூடத்தில் எப்போதும் ஒரு விளக்கு எரியும். கொல்லையில் காற்று எழுந்தது. விளக்கு கண் இமைப்பதுபோல் நடுங்கியது. அதே நேரம் ஸ்பீக்கர் கரகரத்தது. காற்று அடங்கியதும் இரண்டும் அடங்கின.

அமிர்தலிங்கம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். "பெட்டியில இல்லம்மா. கரண்டுல இருக்கு."

ஆளோடித் தாழ்வாரத்தில் இருந்த மீட்டர் பலகையிலிருந்து ஒரு கம்பி கொல்லைக் கொட்டிலுக்குப் போயிற்று. அங்கிருந்து அப்பால் நாற்றங்கால் மோட்டாருக்கு. அவர் முன்னால் போக, பிரகதாம்பாள் பின்னால் போனாள். கொட்டில் காலியாக இருந்தது. காத்தாயி புல்லறுக்கப் போயிருந்தாள். கொட்டிலின் கீற்றுக் கூரைக்கு அடித்திருந்த தகர விளிம்பில் கம்பி உரசி உரசி, மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. பக்கத்தில் எப்போதோ போட்ட ஒட்டில் சுற்றிய துணி நாடா கருகித் தொங்கியது. காற்று அசைத்தபோது, சட்டென்று நீலமாக ஒரு பொறி. அதற்கு ஒரு முழம் கீழே வைக்கோல் போர். போன தையில் போட்டது, முறுக்கினால் பொடியாகும் அளவுக்குக் காய்ந்திருந்தது.

"அடக் கடவுளே" என்றார் அமிர்தலிங்கம். "செட்டு சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதும்மா. முதல்ல ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கணும்."

"என்ன பிடுங்கணும்?"

பஞ்சநதம் வந்து நின்றிருந்தார். அமிர்தலிங்கம் காட்டினார். பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். இன்னொரு பொறி விழுந்தது.

"இருக்கட்டும்" என்றார்.

"ஐயா, காத்து காலம்ங்க. ஒரு நாடாவாவது சுத்திடுறேன். ரெண்டு நிமிஷம்."

"மோட்டார் ஓடுது. நாத்துக்குத் தண்ணி வேணும். நான் லைன்மேனுக்குச் சொல்லிக்கிறேன்."

வாய்க்கால் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மோட்டார் நாலு நாளாக ஓடவில்லை. அமிர்தலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது பஞ்சநதம் சாவதானமாகக் கேட்டார். "இப்படி ஒண்ணு பத்திக்கிட்டா, கம்பியாலதான்னு பின்னாடி கண்டுபிடிக்க முடியுமா?"

"எரிஞ்சு சாம்பலானப்புறம் என்னாத்த கண்டுபிடிக்கிறதுங்க. யாரு கொளுத்துனாலும் சாம்பல் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் அமிர்தலிங்கம். பிறகு சிரிப்பு நின்றது. பெட்டியைக் கட்டிக்கொண்டு, காப்பி வேண்டாம் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் பஞ்சநதம் கறவை மாடுகளைத் தோப்புக் கொட்டகைக்கு ஓட்டச் சொன்னார். கொட்டிலில் பல் போன கிழட்டுப் பசுவும் ஒரு கன்றும் மட்டும் நின்றன.

"ஏம்மா, மாடெல்லாம் தோப்புக்குப் போவுது?" என்று காத்தாயி கேட்டாள்.

"கொசு அதிகம்னு சொன்னாங்க" என்றாள் பிரகதாம்பாள். பொய் என்று தெரிந்தே வாயில் வந்தது.

பத்து மணிக்குப் பஞ்சநதம் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்து நிறையச் சாப்பிட்டார். பல நாள் கழித்து ரசம் இரண்டாவது தடவை கேட்டார்.

"எதுக்குப் போனீங்க?"

"மனு குடுத்தேன். தங்கையன் என் போருக்கு நெருப்பு வெப்பேன்னு மெரட்டினான்னு."

"எப்ப மெரட்டினான்?"

"அவன் மனசுல இல்லேன்னு உனக்குத் தெரியுமா?"

பிரகதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "லைன்மேனுக்குச் சொன்னீங்களா?"

"சொல்லுவேன்."

"நீங்க செய்யறது பாவங்க."

"நான் என்ன செய்யறேன்?" அவர் குரல் உயரவில்லை. உண்மையாகவே கேட்பதுபோல் இருந்தது. "தீக்குச்சி கிழிச்சேனா? ஆளை ஏவினேனா? கம்பி தானா தேஞ்சுது. காத்து தானா அடிக்குது. நான் பேசாம இருக்கேன். பேசாம இருக்கறது ஒரு குத்தமா, பிரகதா?"

முப்பது வருஷமாக அந்த வீட்டில் அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை முழுக்கக் காற்று. அவள் செட்டைப் போடவில்லை. போடாமலே அந்தப் படபடப்பு காதில் கேட்டது. கூடத்து விளக்கு நடுங்கும்போதெல்லாம் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு ஆளோடிக்குப் போய் மீட்டர் பலகை முன்னால் நின்றாள். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வரிசையாக இருந்தன. எது கொட்டிலுடையது என்று அவளுக்குத் தெரியும். கையை உயர்த்தினாள். வாசலில் அவர் செருமும் சத்தம் கேட்டது. கையை இறக்கி, முந்தானையால் பலகையின் தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். நாளைக்கு அவர் வெளியே போனதும் பிடுங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆடி வெள்ளி. தலை முழுகி, மாக்கோலம் போட்டு, வாசற்படிக்கு மஞ்சள் பூசினாள். அவர் வெளியே போகவில்லை. முன்வாசலில் ஈஸிசேரைப் போட்டுக்கொண்டு பேப்பரை விரித்து வைத்திருந்தார். ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தபோது, காத்தாயி கொல்லைக் கதவண்டை வந்து நின்றாள்.

"கெழட்டு மாடு ஒரு வாய் திங்க மாட்டேங்குதும்மா. தவிடு கலந்து காட்டிட்டு, வூட்டுக்குப் போவட்டுமா?"

பிரகதாம்பாள் அவளைப் பார்த்தாள். வாய்வரைக்கும் வந்தது. முன்வாசலில் ஈஸிசேர் கிறீச்சிட்டது.

"சீக்கிரம் காட்டிட்டுப் போ" என்றாள்.

பூஜைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்து விளக்கு ஒரு தடவை பளீரென்று எரிந்து அணைந்தது. அடுத்து ஒரு சத்தம், பெரிய துணியை உதறினதுபோல. அவள் கொல்லைக்கு ஓடினாள். போரின் தலையில் நெருப்பு நின்றது. காற்று அதை வாரிக் கொட்டில் கூரைமேல் போட்டது.

"காத்தாயி! காத்தாயி, வெளிய வாடி!"

உள்ளேயிருந்து பசு கத்தியது. கன்று மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. காத்தாயி வரவில்லை. பஞ்சநதம் முன்வாசலிலிருந்து ஓடி வந்தவர், உள்ளே ஆள் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்து, கொல்லைப்படியிலேயே நின்றுவிட்டார்.

நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். தங்கையன் இடுப்புத் துண்டை வாய்க்காலில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தான். அவன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவள் வலது கையில் அறுத்த கயிற்றின் துண்டு சதையோடு ஒட்டியிருந்தது. கழுத்திலும் தோளிலும் தோல் சுருண்டிருந்தது. பசு வரவில்லை. மற்றவர்கள் குடம் குடமாக வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார்கள். பெரிய வீட்டுக் கூரைக்கு நெருப்பு தாவாமல் காப்பாற்றியது அவர்கள்தான். பிரகதாம்பாள் தன் வீட்டுப் பித்தளை அண்டாவைத் தூக்கிக் கொடுத்தாள். அதுவரை அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தொட்டிராத கைகள் அதை வாங்கிக்கொண்டு ஓடின.

காத்தாயியை மாட்டு வண்டியில் போட்டு மன்னார்குடிக்குக் கொண்டுபோனார்கள். தங்கையனும் வண்டியில் ஏறினான். சாலை முனையில் எதிரே வந்த போலீஸ் ஜீப், அவனை மட்டும் இறக்கித் திருப்பிக் கூட்டி வந்தது.

இன்ஸ்பெக்டர் கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு முன்வாசலுக்கு வந்தார். ஜனம் தெருவில் நின்றது. தங்கையன் உடம்பெல்லாம் கரியும் சேறுமாகப் படிக்குக் கீழே நின்றான்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். புதன்கிழமை மனு அவர் கையிலேயே இருந்தது. கேட்பது முறைக்கு.

பஞ்சநதம் தங்கையனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் வேறு மாதிரி சொல்லிவிடுவார் என்று பிரகதாம்பாள் நம்பினாள். எரிந்த வாடை இன்னும் போகவில்லை. அந்தப் பெண் கத்தியது அவர் காதிலும்தானே விழுந்திருக்கும்.

"மனுவுல உள்ளதுதான்" என்றார் பஞ்சநதம்.

"என் பொண்டாட்டி உள்ள இருக்கயில நானா வெப்பேன்?" என்றான் தங்கையன். கான்ஸ்டபிள் அவன் பிடரியில் கை வைத்தான்.

பிரகதாம்பாள் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். அதிகாரிகள் வந்திருக்கும்போது அவள் வாசலுக்கு வந்ததில்லை. தலைமுடி அவிழ்ந்து, புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"அவன் வெக்கல. கம்பியாலதான் பத்திக்கிட்டுது."

"நீங்க உள்ள போங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போறேன். எழுதிக்குங்க, போறேன். பாட்டுப் பெட்டியில கரகரன்னு சத்தம் வந்துது. செவ்வாக்கெழம மன்னார்குடி ரிப்பேர்க்காரர் வந்து பாத்தாரு. பெட்டியில ஒண்ணுமில்ல, கொட்டிலுக்குப் போற கம்பி தேஞ்சு பொறி அடிக்குதுன்னு சொன்னாரு. நானும் பாத்தேன். இவங்களும் பாத்தாங்க. ஃபியூஸைப் பிடுங்க வந்தவரை இவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

பஞ்சநதம் ஈஸிசேரின் கையைப் பிடித்துக்கொண்டு மெள்ள உட்கார்ந்தார்.

"புத்தி கலங்கிப்போச்சு அவளுக்கு" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

தங்கையனை அன்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். மறுநாள் அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டு விசாரித்தபோது, "நான் செட்டைத்தாங்க பாத்தேன். வால்வு ஒண்ணு போயிருந்துது, மாத்தினேன். கம்பி கிம்பி எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் கூரை விளிம்பில் உருகிச் சொட்டியிருந்த செம்பை லைன்மேன் வந்து பார்த்திருந்தார். பெண்டாட்டியே ஊரறிய மாற்றிச் சொல்கிற கேஸ் கோர்ட்டில் நிற்காது என்று இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தங்கையனை விட்டுவிட்டார்கள். அவன் முதுகில் துண்டு போட முடியாமல் நடந்து வந்ததாக ஊரில் சொன்னார்கள்.

பஞ்சநதம் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாப்பாட்டை ஆளோடிக்குக் கொண்டுவரச் சொல்லி வேலைக்காரியிடம் சொன்னார். அவள் போகும் அறைக்குள் அவர் வரவில்லை. திங்கட்கிழமை, வடக்கேயிருந்து லாரியில் நடவாட்கள் வந்து இறங்கினார்கள். வரப்பில் போலீஸ் நின்றது. முற்றிப்போன நாற்றைப் பறித்து நட்டார்கள். சேரியில் அன்று அடுப்பு புகையவில்லை. இந்த வருஷம் இதோடு போகாது என்று டீக்கடையில் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பிரகதாம்பாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். காத்தாயி பொதுவார்டின் கோடியில், வாழையிலை விரித்த கட்டிலில் கிடந்தாள். வலது கை தோள்வரை கட்டு. ஈ உட்காராமல் தங்கையன் விசிறிக்கொண்டிருந்தான். பிரகதாம்பாளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நீங்க மட்டும் சொல்லலேன்னா நான் இன்னும் உள்ளதாங்க கெடப்பேன். உங்களுக்கு வூட்டுல என்னா கஷ்டமோ" என்றான். அவன் குரலில் பொய் இல்லை. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, "வாங்கியாந்துடுறேன், உக்காருங்க" என்று சொல்லி வெளியே போனான்.

பிரகதாம்பாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். காத்தாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலீஸுகிட்ட செவ்வாக்கெழமன்னு சொன்னீங்களாமே, நெசமாம்மா?"

"நெசம்தான்."

"செவ்வாக்கெழமயே தெரியுமா?"

"தெரியும்டி."

மூச்சு விடும்போது காத்தாயிக்குக் கழுத்துத் தோல் இழுத்தது. கோபப்படுவாள், அழுவாள் என்று பிரகதாம்பாள் காத்திருந்தாள். காத்தாயி நிதானமாக, கணக்குப் புரியாமல் கேட்கிறவள்போல் கேட்டாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. ஐயாகிட்ட சொல்ல வேணாம், போலீஸுகிட்ட சொல்ல வேணாம். எங்கிட்ட சொல்லியிருந்தா, மாட்ட அவுத்துப் புளியமரத்துல கட்டியிருப்பேன். மூணு நாளா நான் அதுக்கு அடியிலதானே கூட்டிட்டு இருந்தேன்."

பிரகதாம்பாள் வாயைத் திறந்தாள். பயம் என்று சொல்லலாம். நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் அந்தக் கைக்கட்டைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. காத்தாயியின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. பிரகதாம்பாள் மேஜையிலிருந்த தம்ளரை எடுத்து, பானையில் தண்ணீர் மொண்டு, ஒரு கையால் அவள் தலையைத் தாங்கப் போனாள்.

காத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெச்சிட்டுப் போங்கம்மா" என்றாள். "அவுரு வந்து குடுப்பாரு."